அரசலாற்றிலிருந்து பரங்கிமலை வரை: ஒரு கோடைப் பயிற்சியின் வழித்தடம்

காரைக்கால் நகரத்தோடு ஒட்டிய கோவில்பத்து, திருத்தெளிச்சேரி என்ற பழம்பெயரில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பார்வதீசுவரர் கோயிலையும், தந்தை பெரியார் பெயர் தாங்கிய அரசு மேல்நிலைப் பள்ளியையும் கொண்ட ஊர்ப்பகுதியாகும். காரைக்கால் மாவட்டத்தின் கிழக்கே வங்கக் கடல் இருக்க, மற்ற மூன்று பக்கங்களையும் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் சூழ்ந்திருக்கின்றன. ஆட்சி மட்டும் வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியிலிருந்து நடைபெறுகிறது. நெல்வயலையும் மீன்பிடித் துறையையும் நம்பி வாழும் இந்தச் சிறு நிலப்பகுதியில் கடலோரக் காவல்படையின் நிலையம் ஒன்று இருந்தாலும், தரைப்படையின் பெருமுகாம் எதுவும் இல்லை. ஆகவே இங்கே வளரும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ ராணுவ அதிகாரி ஒருவரை அருகில் கண்டு, அவரிடம் கேள்வி கேட்டு, அவருடைய வாழ்க்கை தமக்கும் இயலக்கூடியதே என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு, பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்து, அங்குள்ள தேசிய மாணவர் படையில் பெயர் கொடுத்த பின்னரே அமைகிறது. அந்த வாய்ப்பு கோடையில் எவ்வாறு விரிகிறது, எவ்விடத்தில் சுருங்குகிறது என்பதை அறிவதற்கு, கோவில்பத்தில் தொடங்கிக் கடற்கரை வழியே வடக்கு நோக்கிப் புதுச்சேரிக்கும், அங்கிருந்து ராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறும் சென்னைப் பரங்கிமலைக்கும் செல்லும் பயணத்தைக் காட்டிலும் தெளிவான வழி வேறில்லை.

என்.சி.சி. என்ற எழுத்துகளால் எல்லோரும் அறிந்த தேசிய மாணவர் படை, பண்டித ஹிருதய நாத் குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரையின் மீது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, அவ்வாண்டு ஜூலைத் திங்களில் செயற்படத் தொடங்கியது. அதற்கு முன்பும் 1917 முதல் பல்கலைக்கழகப் படைப்பிரிவுகள் இருந்தன எனினும், அவை ஆங்கில அரசின் போர்க்காலத் தேவைக்காக எழுந்தவை; விடுதலைக்குப் பின் தோன்றிய அமைப்போ, தலைமைப் பண்புடைய இளைஞரை உருவாக்குவதை முதல் நோக்காகவும், படைகளுக்கு அதிகாரிகளைத் தருவதை அதை அடுத்த நோக்காகவும் கொண்டது. பெண்களுக்கான பிரிவு 1949இலும், வான்படைப் பிரிவு 1950இலும், கடற்படைப் பிரிவு 1952இலும் சேர்ந்தன. 1962ஆம் ஆண்டு சீனப் போரின் தாக்கத்தால் 1963இல் கல்லூரி மாணவருக்கு இது கட்டாயமாக்கப்பட்டுச் சில ஆண்டுகளில் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்று நாடு முழுவதுமுள்ள பதினேழு இயக்ககங்களுள் ஒன்று, தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் ஆகியவற்றை உள்ளடக்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. 2020 ஆகஸ்டு 15ஆம் நாள் விடுதலை நாள் உரையில், எல்லைப்புறத்திலும் கடலோரத்திலும் உள்ள 173 மாவட்டங்களில் இப்படையை விரிவாக்கி ஒரு லட்சம் மாணவரைப் புதிதாகச் சேர்ப்பதென்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருப்பர் என்றும் பிரதமர் அறிவித்தார். கடலே ஒரு பக்க எல்லையாக அமைந்த காரைக்கால் போன்ற நிலங்களை மனத்தில் கொண்டு எடுக்கப்பட்ட முடிவு என்றே அதைக் கொள்ள வேண்டும்.

படைத்தொழிலுக்குக் காரைக்கால் புதியதன்று. தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954 நவம்பர் முதல் நாளில் நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16ஆம் நாளில் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த இப்பகுதியிலிருந்து, பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் பணிபுரியச் சென்றோர் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்றுத் திரும்பியவரைச் 'சொல்தா' என்று அழைக்கும் வழக்கம் புதுச்சேரிப் பகுதியில் இன்றும் மறையவில்லை. முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்தியருக்காக 1938இல் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் அந்த வரலாற்றின் சாட்சியாக நிற்கிறது. ஆனால் அந்தப் பணி பெரும்பாலும் சிப்பாயின் பணியாகவே இருந்தது. கட்டளையிடும் நிலைக்குச் செல்லும் வழி உள்ளூர் மக்களுக்கு அகலத் திறந்திருக்கவில்லை. கல்லூரி மாணவர் ஒருவர் சில கோடைகளின் பயிற்சியைப் படியாகக் கொண்டு அதிகாரி நிலைக்கு ஏறலாம் என்பது இந்த மண்ணுக்கு விடுதலைக்குப் பிறகு வந்த ஒன்று என்பதால், அதன் மதிப்பைக் குறைத்துக் காண்பதற்கில்லை.

கோவில்பத்திலிருந்து நகரத்தைக் கடந்து, அரசலாற்றின் கரையோரமாகக் கிழக்கே சென்றால், ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் வருகிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய, மீன்கள் இனம்பெருக்கும் காலமென்று விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், கோடையில் இத்துறையில் படகுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டு நிற்கும். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களின் மீனவர் அந்நாள்களில் வலை சீர்செய்வதிலும் படகுக்கு வண்ணம் பூசுவதிலும் ஈடுபட்டிருப்பர். புதுச்சேரிப் பிரிவின் கடற்படை மாணவர் பாய்மரப் படகுகளில் காரைக்காலுக்கு வந்து திரும்பும் கடற்பயணம் பல ஆண்டுகளாகக் கோடை விடுமுறையை ஒட்டி நிகழ்ந்து வருகிறது. போகவும் வரவும் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் நீளும் அப்பயணம் பத்து நாள்களோ அதற்கு மேலோ நடக்கிறது. மாணவரும் மாணவியரும் கலந்து செல்கின்றனர். இடையிலுள்ள கடலோர ஊர்களில் கரையேறித் தங்கி, கடற்கரையைத் தூய்மை செய்வதும் வீதி நாடகம் நடத்துவதும் அவர்களுடைய கடமைகளுள் அடங்கும்.

இப்பயணத்துக்குரிய படகு 'வேலர்' எனப்படும். முற்காலத்தில் திமிங்கில வேட்டைக்காக உருவான வடிவத்திலிருந்து கடற்படைகள் எடுத்துக்கொண்ட இந்தப் படகு 27 அடி நீளமும், இரு முனைகளும் கூர்மையான அமைப்பும், ஐந்து துடுப்புகளும் கொண்டது. பாய் விரித்தும் செலுத்தலாம், துடுப்பு வலித்தும் செலுத்தலாம். இதன் அடிப்பகுதியில், தேவைக்கேற்ப நீருக்குள் இறக்கவும் மேலே ஏற்றவும் கூடிய தகடு ஒன்று உண்டு. பாய் விரித்து ஓடும்போது பக்கவாட்டுக் காற்று படகைத் தன்போக்கில் ஒதுக்கிவிடாமல் இத்தகடு தடுக்கிறது. ஆழம் குறைந்த முகத்துவாரத்திலோ கரையேறும் இடத்திலோ அது மேலே இழுக்கப்படாவிட்டால் மணலில் புதைந்து படகு சாய்ந்துவிடும். படகின் பின்பகுதியில் அமர்ந்து சுக்கானைப் பிடித்துக் கட்டளையிடுபவரைக் 'காக்ஸன்' என்பர். ஒவ்வொரு மாணவரும் முறைவைத்து அவ்விடத்தில் அமர வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் இப்பயிற்சியின் உயிர்நிலை இருக்கிறது. பத்தொன்பது வயதுள்ள ஒருவர், தம் வயதையே ஒத்த தோழரின் உயிருக்குப் பொறுப்பேற்று, எப்போது பாயைச் சுருக்குவது, எப்போது துடுப்புக்கு மாறுவது என்று அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும் சூழல் வகுப்பறையிலோ அணிவகுப்புத் திடலிலோ கிடைப்பதில்லை.

காற்றின் இயல்பை அறியாதவருக்கு இந்தக் கரை இடங்கொடுப்பதில்லை. கோடையின் பிற்பகுதியில், மீனவர் கச்சான் என்று வழங்கும் மேற்குத் திசைக் காற்று காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசி, நண்பகலுக்குப் பின் வெயிலில் காய்ந்த தரையை நோக்கிக் கடற்காற்று திரும்பிவிடுகிறது. இம்மாதங்களில் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கியது என்பதால், புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு வரும் வழி கடினமாகவும் திரும்பிச் செல்லும் வழி எளிதாகவும் அமையும். காற்று எதிர்முகமாக வரும்போது எந்தப் பாய்மரப் படகும் அதற்கு நேராகச் செல்ல இயலாது. காற்றை ஒருமுறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமும் வாங்கிக் கோணல்மாணலாக முன்னேற வேண்டும். அவ்வாறு திருப்பும் ஒவ்வொரு முறையும் படகிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் இடம் மாறியாக வேண்டும். சோழகம், கொண்டல், வாடை என்று காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு, மேகத்தின் நிறத்தையும் அலையின் முறிவையும் கொண்டு அடுத்த ஒரு மணி நேரத்தைக் கணிக்கும் அறிவு, இத்துறையில் நிற்கும் மீனவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை கல்லூரிக்கு வந்து கடற்படைப் பிரிவில் சேரும்போது, நீச்சலிலும் முடிச்சுப் போடுவதிலும் துடுப்பு வலிப்பதிலும் பிறரைவிட முன்னே நிற்கக்கூடியவர். ஆயினும் இந்த அறிவு ஒரு தகுதி என்று அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லாமல், ஆங்கிலம் சரளமாக வராத குறையொன்றே அவர் மனத்தில் பெரிதாக நிற்பது வருந்தத்தக்கது. படகுப் பயிற்சிக்கு அரசலாற்றின் கீழ்ப்பகுதியைப் போல அமைதியான நீரும், அதை அடுத்தே திறந்த கடலும் ஒருங்கே அமைந்த இடம் இக்கரையில் அரிது. கோவில்பத்திலும் கோட்டுச்சேரியிலும் உள்ள மாணவர் புதுச்சேரிப் படகுகளின் வருகையைக் கரையில் நின்று வரவேற்பதோடு அமையாமல், ஆண்டு முழுவதும் அவற்றில் பழகும் நிலை உருவாக வேண்டும்.

காரைக்காலிலிருந்து வடக்கே செல்லும் 32ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடியை அடைகிறது. 1620இல் தஞ்சை நாயக்கர் இரகுநாதரிடம் இசைவு பெற்று டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை அலைக்கு எதிரே நிற்கும் இவ்வூரும், அதற்கு வடக்கே காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரும், படகில் வருவோர் ஒதுங்குவதற்குரிய இடங்கள். சாலைவழி செல்பவருக்கு இவை வரலாற்றுச் சின்னங்களாகத் தோன்றுகின்றன. கடல்வழி வருபவருக்கோ கோட்டைச் சுவரும் கலங்கரை விளக்கமும் கோயிற் கோபுரமும் திசையறியும் குறிகளாகப் பயன்படுகின்றன. திசைகாட்டியை வைத்துக் கரையிலுள்ள இரண்டு குறிகளின் கோணத்தை அளந்து, அந்தக் கோடுகள் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும் புள்ளியே படகு நிற்கும் இடம் என்று கண்டறியும் முறையை மாணவர் கற்பதற்கு இக்கரை ஒரு திறந்த பாடநூலாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்த ஊர்கள் அனைத்தையும் தாக்கியது. காரைக்கால் கடலோர ஊர்கள் பல உயிர்களை இழந்தன. முதலுதவி, கூட்டத்தை ஒழுங்கு செய்தல், கயிறும் மிதவையும் கொண்டு மீட்டல் ஆகியவை மாணவர் படையின் பாடத்திட்டத்தில் இடம்பெறுவதன் பொருள் இங்குள்ள குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லாதது.

கடற்பயணம் சிலருக்கே கிடைப்பது. தரைப்படைப் பிரிவைச் சேர்ந்த பெரும்பாலானோருக்குக் கோடை என்றால் 'கேம்ப்' என்றே பொருள். பத்து நாள் நடைபெறும் இந்த ஆண்டுப் பயிற்சி முகாமில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கலந்துகொள்கின்றனர். விடுமுறையில் காலியாக இருக்கும் ஏதேனும் ஒரு கல்லூரி வளாகம் முகாமாக மாறி, வகுப்பறைகள் தங்குமிடமாகவும், திடல் அணிவகுப்பு மைதானமாகவும், ஒரு மூலை 'லங்கர்' எனப்படும் சமையற்கூடமாகவும் ஆகின்றன. விடியும் முன்னே விசில் ஒலிக்க, உடற்பயிற்சியோடு தொடங்கும் நாள், அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி, வரைபட வாசிப்பு, விளையாட்டு என்று நகர்ந்து, இரவில் வருகைப் பதிவோடு முடிகிறது. கட்டளைகள் இந்தியில் ஒலிக்கின்றன. 'சாவ்தான்' என்றால் விறைப்பாக நிற்பதும், 'விஷ்ராம்' என்றால் தளர்ந்து நிற்பதும் காதுக்குப் பழகி, பொருளை நினைக்காமலே உடல் அதற்கு இணங்கும் நிலை மூன்றாம் நாளுக்குள் வந்துவிடுகிறது. கற்பிப்போர் மூவகையினர். 'பி.ஐ. ஸ்டாஃப்' என்று மாணவர் அழைக்கும் நிலைப் பயிற்றுநர், படையிலிருந்து அனுப்பப்பட்ட ஹவில்தார், நாயக் போன்றோர். 'ஏ.என்.ஓ.' எனப்படும் இணை அதிகாரிகள், நாக்பூரை அடுத்த காம்ட்டியிலோ, பெண்களாயின் குவாலியரிலோ பயிற்சி பெற்று வந்த கல்லூரி ஆசிரியர்கள். மூன்றாமவர், 'அண்டர் ஆபீசர்' முதலிய நிலைகளைப் பெற்ற மூத்த மாணவர். முகாமில் ஒருவர் உண்மையில் யாரிடம் கற்கிறார் என்று பார்த்தால், இந்த மூன்றாம் வகையினரிடமே மிகுதியாகக் கற்கிறார். ஏனெனில் காலணிக்கு மெருகேற்றுவது முதல் அழுகை வரும் இரவில் ஆறுதல் சொல்வது வரை அவர்களே உடனிருக்கின்றனர்.

முகாமின் பாடங்களுள் துப்பாக்கிச் சுடுதல் மாணவரின் மனத்தை முழுமையாகக் கவர்வது. 'பாயின்ட் டூ டூ' என்று குறிக்கப்படும் சிறுவிட்டத் துப்பாக்கியால், 25 கஜத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி, தரையில் குப்புறப் படுத்தபடி சுட வேண்டும். இங்கே முதலில் அளக்கப்படுவது, குண்டுகள் இலக்கின் மையத்தில் பட்டனவா என்பதன்று. அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதேயாகும். ஐந்து குண்டுகளும் ஓரத்தில் விழுந்தாலும் ஒரே இடத்தில் குவிந்திருந்தால், பிடிப்பும் மூச்சும் விசையை இழுக்கும் விரலும் சீராக இருந்தன என்பது தெரியும். மையத்துக்குக் கொண்டுவருவது குறிவைப்பைத் திருத்தும் எளிய வேலை. ஒன்று மையத்திலும் மற்றவை சிதறியும் கிடந்தால் அந்த ஒன்று தற்செயலானது என்று பயிற்றுநர் கணக்கில் கொள்வதில்லை. வரைபட வாசிப்பு வேறுவகையில் சோதிப்பது. காவிரிச் சமவெளியில் பிறந்து, வரப்பைவிட உயரமான மேட்டைச் சுற்றுவட்டாரத்தில் காணாத மாணவர், சம உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்தான சரிவு, விலகினால் மெல்லிய சரிவு என்பதை, முகாமில் மணலைக் குவித்து அமைக்கும் மாதிரி நிலத்தில்தான் முதன்முதலாக உணர்கிறார். அந்த மணல் மாதிரியைச் சுற்றி அமர்ந்து, எதிரி இருக்கும் மேட்டைப் பத்துப் பேர் கொண்ட குழு எந்த வழியில் அணுகலாம் என்று விவாதிப்பதில், அதிகாரிப் பயிற்சியின் அரிச்சுவடி தொடங்கிவிடுகிறது.

இந்த முகாம்கள் சான்றிதழோடு பிணைக்கப்பட்டவை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிவில் எழுதும் 'பி' சான்றிதழ்த் தேர்வுக்கும், மூன்றாம் ஆண்டில் எழுதும் 'சி' சான்றிதழ்த் தேர்வுக்கும், அணிவகுப்பு வகுப்புகளில் நூற்றுக்கு 75 பங்கு வருகையோடு, முகாமில் கலந்துகொண்டிருப்பதும் கட்டாயத் தகுதியாகும். அதற்கு மேல், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கே கிட்டும் கோடைப் பயிற்சிகள் உள்ளன. படைப்பிரிவு ஒன்றோடு தங்கி அதன் அன்றாட வாழ்வைக் காணும் இணைப்பு முகாம், டேராடூனிலுள்ள இந்திய ராணுவக் கழகத்தில் தங்கும் வாய்ப்பு, கடற்படைப் பிரிவினருக்குக் கேரளத்தின் ஏழிமலையிலுள்ள இந்தியக் கடற்படைக் கழகத்தில் பயிற்சி, டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் உள்ள மலையேற்றப் பள்ளிகளின் வகுப்புகள், ஆக்ராவில் வான்குடைப் பயிற்சி ஆகியவை அவற்றுள் சில. கடல்மட்டத்தில் வளர்ந்த காரைக்கால் மாணவி ஒருத்தி உத்தரகாசியில் பனியின் மேல் கயிறு கட்டி நடந்து திரும்புகிறாள் என்றால், அந்தச் செலவை அவள் குடும்பம் எந்நாளும் ஏற்றிருக்க முடியாது என்பதை நினைக்கும்போது, பொதுப்பணம் நல்வழியில் செலவாகும் இடங்களுள் இதுவும் ஒன்று என்று உறுதியாகச் சொல்லலாம்.

சீர்காழியைக் கடந்து, கொள்ளிடத்தின் நீண்ட பாலத்தைத் தாண்டிச் சிதம்பரத்தை அடைந்தபின், கிழக்கே பிரியும் சாலை வெள்ளாற்று முகத்திலுள்ள பரங்கிப்பேட்டைக்குச் செல்கிறது. ஐதர் அலியின் படையும் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையும் 1781 ஜூலை முதல் நாளில் இவ்வூர் அருகே மோதின. கடலிலிருந்து உணவும் வெடிமருந்தும் பெற்ற ஆங்கிலப் படையைத் தரையில் மட்டும் நின்று வெல்வது ஐதருக்கு இயலாமற்போனது என்பதால், கடற்கரையைக் காப்பதில் கடற்படைக்கும் தரைப்படைக்கும் உள்ள உறவை விளக்க இவ்விடத்தைவிடப் பொருத்தமான களம் தென்னகத்தில் இல்லை. கடலூரில் 1758இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய புனித டேவிட் கோட்டையின் எச்சங்களும் இதே பாடத்தைத் தருகின்றன. படகில் வரும் மாணவர் இவ்விடங்களில் இறங்கும்போது, இந்த வரலாற்றை அங்கேயே நின்று சொல்லித்தரும் வரலாற்று ஆசிரியர் ஒருவரும் உடன் வருவாரானால், பயணத்தின் பயன் இருமடங்காகும்.

புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தோடு கடல்வழி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சென்னைக்குச் செல்லும் சாலை, வாய்ப்பின் இரண்டாம் பகுதிக்கு இட்டுச் செல்கிறது. பரங்கிமலையடியில் அமைந்த அதிகாரிகள் பயிற்சிக் கழகம், சீனப் போர் காட்டிய அதிகாரிப் பற்றாக்குறையைத் தீர்க்க 1963இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டு, 1988இல் கழகம் என்ற பெயரைப் பெற்றது. 1992 முதல் இங்கே பெண்களும் பயிற்சி பெறுகின்றனர். புணேக்கு அருகிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கழகம் பெண்களுக்குத் திறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தென்னாட்டில் திறந்த கதவு இது. இதன் அணிவகுப்புச் சதுக்கம் மேஜர் இராமசாமி பரமேசுவரனின் பெயரைத் தாங்கியது. 1972இல் இங்கு பயின்று வெளியேறி, இலங்கையில் 1987 நவம்பர் 25ஆம் நாள் போரில் உயிர்நீத்து, பரம்வீர் சக்கர விருதை மறைவுக்குப் பின் பெற்றவர் அவர். காசுமீரில் 2014 ஏப்ரலில் வீழ்ந்து அசோகச் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனும் இக்கழகத்தில் உருவானவரே என்பதைத் தமிழ் வாசகர் அறிவர்.

'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிக்கு இக்கழகத்தில் சேர 'ஸ்பெஷல் என்ட்ரி' எனப்படும் சிறப்பு வழி உண்டு. மற்றவர் எழுத வேண்டிய மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வு இவர்களுக்கு இல்லை, நேராக, 'எஸ்.எஸ்.பி.' என்று வழங்கும் தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாள் சோதனைக்குச் செல்லலாம். தென்னிந்தியர் பலர் பெங்களூருக்கு அழைக்கப்படுகின்றனர். முதல் நாளிலேயே ஒரு படத்தைக் காட்டி அதைப் பற்றிக் கதை எழுதச் சொல்லி, அக்கதையைக் குழுவில் விவாதிக்கச் செய்து, பெரும்பான்மையினரைத் திருப்பி அனுப்பிவிடுவர். எஞ்சியோர் உளவியல் தேர்வு, மரக்கட்டையும் கயிறும் கொண்டு தடைகளைக் கடக்கும் குழுப்பணி, நீண்ட நேர்காணல் ஆகியவற்றைச் சந்திக்கின்றனர். தேர்வானவர் 49 வாரப் பயிற்சிக்குப் பின் லெப்டினன்ட் ஆகிப் பத்து ஆண்டுகள் பணியாற்றுவர். விரும்பினால் மேலும் நான்கு ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

வாய்ப்பு சுருங்கும் இடம் இந்த முதல் நாள் சோதனையே. கயிற்றிலும் மரக்கட்டையிலும் பின்வாங்காத கடலோர மாணவர், பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் பேசும் குழுவில் தம் கருத்தை நுழைக்க முடியாமல் நின்றுவிடுகிறார். பத்து நாள் முகாமின் அட்டவணையில் அணிவகுப்புக்கு ஒதுக்கப்படும் நேரம் மிகப் பெரிது. குழு விவாதத்துக்கும் எழுத்துக்கும் ஒதுக்கப்படுவது மிகச் சிறிது. முகாமின் நிறைவு விழாவில் அணிவகுப்பு அழகாக அமைய வேண்டும் என்ற கவலை இதற்கு ஒரு காரணம். விழா ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விவாதப் பழக்கமோ மாணவரின் வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. பெருநகரங்களில் பணம் செலுத்திச் சேரும் தனியார் பயிற்சி மையங்கள் இக்குறையைச் சிலருக்குத் தீர்க்கின்றன எனினும், அரசே நடத்தும் ஒரு பயிற்சியின் கடைசிப் படியைக் கட்டணம் கொடுக்க இயன்றவர் மட்டும் ஏறுவது முறையன்று.

அமெரிக்காவின் ஏற்பாடு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. 1916ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு நிறுவப்பட்ட கல்லூரி அதிகாரிப் பயிற்சிப் படையில், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸ் முகாமில் ஐந்து வாரத்தை ஒட்டிய மேல்நிலைப் பயிற்சி நடைபெறுகிறது. ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டு, அவர் முடிவெடுக்கும் முறை குறித்து எழுத்தில் மதிப்பீடு தரப்படுகிறது. அங்கே உதவித்தொகை பெற்றவர் பட்டத்துக்குப் பின் படையில் பணியாற்றியே ஆக வேண்டும். இந்திய மாணவருக்கு அத்தகைய கடப்பாடு எதுவும் இல்லை. பயிற்சி பெற்றவருள் பெரும்பாலோர் ஆசிரியராகவும் காவலராகவும் வங்கி ஊழியராகவும் செல்கின்றனர். அந்தச் சுதந்திரம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் ஒவ்வொருவருக்கும் அவருடைய தலைமை குறித்து எழுதப்பட்ட மதிப்பீடு ஒன்றைக் கையில் கொடுப்பதற்குக் கடப்பாடும் தேவையில்லை, பெரும்பணமும் தேவையில்லை. காக்ஸன் இடத்தில் அமர்ந்த மாணவி அன்று எடுத்த முடிவு சரியா என்று அன்று மாலையே ஒரு பக்கம் எழுதித் தரும் பயிற்றுநர் ஒருவர் போதும்.

பரங்கிமலைக் கழகம் மாணவர் படையினருக்கென இணைப்பு முகாம்களையும் நடத்துகிறது. 'பி' சான்றிதழ் பெற்று மூன்றாம் ஆண்டுக்குள் நுழையும் காரைக்கால் மாணவ மாணவியர் அனைவரும், 'சி' தேர்வுக்கு முந்திய கோடையில் ஒரு வாரமேனும் அங்கே தங்கி, தடைகளைத் தாண்டும் களத்தையும் குழு விவாத அறையையும் பயிற்சி பெறும் அதிகாரிகளையும் நேரில் காண்பார்களானால், பெங்களூரில் முதல் நாள் அவர்களைத் தடுக்கும் அச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். காரைக்காலிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு ரயில் பயணமே. அந்தப் பயணச் செலவையும், விவாதப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர் ஒருவரின் ஊதியத்தையும் ஆண்டுதோறும் ஏற்பது, நூற்றுமுப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தன் மாவட்டத்தை நினைவில் கொள்ளும் புதுச்சேரி அரசுக்கு எட்டாத செலவன்று.